மீனுக்குக் குளிர் பழகுமா? வாசகர் கேள்வி பதில்

தண்ணீரின் வெப்பநிலைக்கும் மீனின் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வெப்பநிலை எல்லாமே செல்சியஸில்.

கேள்வி: ஒரே இனத்து மீன்கள் இரண்டு. ஒன்று குளிர்ந்த ஆற்றில் பிறந்து வளர்ந்தது. இன்னொன்று வெதுவெதுப்பான குளத்தில் பிறந்து, ஒரு மாதமாகக் குளிர்ந்த தொட்டியில் இருக்கிறது. இரண்டும் இப்போது குளிரைத் தாங்குகின்றன. என்ன வித்தியாசம்?

பதில்: பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

தொட்டி மீன் குளிருக்குப் பழகியிருக்கிறது. அதன் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த மரபணுவை எவ்வளவு படிப்பது, எவ்வளவு புரதம் செய்வது என்ற கணக்குதான் மாறியிருக்கிறது. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். வெதுவெதுப்பான நீருக்குத் திருப்பினால் சில வாரங்களில் பழைய கணக்குக்கே போய்விடும். அதன் குஞ்சுகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆற்று மீனிடம் இருப்பது தகவமைப்பாக இருக்கலாம். அதாவது, பல தலைமுறைகளாகக் குளிரில் தேறியவற்றின் வாரிசு அது, டி.என்.ஏ.விலேயே மாற்றம் இருக்கும். ‘இருக்கலாம்’ என்று சொல்லக் காரணம், அதுவும் பிறந்த நாள் முதல் குளிரில் இருந்து வெறுமனே பழகிய மீனாக இருக்கக்கூடும். ஆற்றிலிருந்து பிடித்தவுடன் சோதித்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. இரண்டையும் ஒரே வெப்பநிலையில் மாதக்கணக்கில் வைத்து, முடிந்தால் அங்கேயே குஞ்சு பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஒப்பிட வேண்டும். அப்போதும் வித்தியாசம் மிஞ்சினால் அது பரம்பரைச் சொத்து.

இன்னொரு முடிச்சும் உண்டு. எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் பழக முடியும் என்பதே பரம்பரையாக வருவது. ஆகவே ‘பழகுதலா, தகவமைப்பா’ என்று கட்சி பிரித்துக் கேட்டால் பல நேரம் நேரான பதில் கிடைக்காது.

கேள்வி: குளிர்ந்த நீரில் விட்டதும் செல்லுக்குள் என்னதான் நடக்கிறது? ‘மரபணுக்கள் இயங்கத் தொடங்கும்’ என்பதைத் தாண்டி யாரும் சொல்வதில்லை.

பதில்: ஒரே ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பார்ப்போம்: செல்லின் சவ்வு.

சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பு குளிரில் உறையும். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் ஏறக்குறைய 69 டிகிரியில் உருகும். அதே 18 கார்பன் சங்கிலியின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் போட்டால் அது ஒலியிக் அமிலம். உருகுநிலை 13 டிகிரி சுமாருக்கு இறங்கிவிடும். இரட்டைப் பிணைப்பு விழுந்த இடத்தில் சங்கிலி மடங்குகிறது. மடங்கிய சங்கிலிகளை நெருக்கமாக அடுக்க முடியாது, சவ்வு இளக்கமாகவே இருக்கும். சவ்வு இறுகினால் அதில் பதிந்திருக்கும் அயனிக் குழாய்களும் பம்புகளும் சிக்கிக்கொள்ளும். நரம்பும் இதயமும்தான் முதலில் தடுமாறும்.

இந்த இரட்டைப் பிணைப்பைப் போடும் நொதிக்கு டெல்டா-9 டிசாச்சுரேஸ் என்று பெயர். கெண்டை மீனை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் படிப்படியாக இறக்கி, அதன் ஈரலைப் பார்த்த ஆய்வு 1996-இல் வந்தது. அதில் இரண்டு கட்டம் தெரிந்தது. முதலில், ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த நொதி விழித்துக்கொண்டது. பிறகுதான் அந்த நொதிக்கான மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) பன்மடங்கு ஏறி, புதிய நொதி செய்யப்பட்டது. கையிருப்பை எடுத்துச் சமாளித்துக்கொண்டே புதுச் சரக்குக்கு ஆர்டர் போடுவது மாதிரி.

அதே கெண்டையில் 2004-இல் ஏழு உறுப்புகளை எடுத்து, 13,000-க்கும் மேற்பட்ட மரபணுத் துண்டுகளின் வெளிப்பாட்டை 23, 17, 10 டிகிரிகளில் அளந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் அசைந்தன. இவற்றில் எல்லா உறுப்புகளிலும் பொதுவாக ஏறியவை சில நூறுதான்: ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்துபவை, பழுதான புரதத்தைக் கழிப்பவை, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சார்ந்தவை. மற்றவை உறுப்புக்கு உறுப்பு வேறு. தசையின் பதிலும் மூளையின் பதிலும் ஒன்றல்ல. ‘மீன் குளிருக்கு இப்படிப் பதில் தருகிறது’ என்று ஒரே ஓர் உறுப்பை வைத்துச் சொல்லும் கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா ஏறுவதற்கும் காரணம் எளிது. 10 டிகிரி இறங்கினால் பெரும்பாலான நொதிகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். வேகத்தை மீட்க முடியாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டு, அவ்வளவுதான். தங்கமீனின் தசையில் குளிர் பழகிய பிறகு மைட்டோகாண்ட்ரியா கூடுவது இதனால்தான்.

கேள்வி: வெப்பத்திலிருந்து காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை மீன் எப்போதும் தயாராக வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: செலவு ஒத்துவராது. அவற்றைச் செய்ய அமினோ அமிலமும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யும் வேண்டும், அவை வேலை செய்யும்போதும் ஏ.டி.பி. கரையும். நன்றாக இருக்கும் புரதங்களையும் இவை பிடித்துவைத்துக்கொண்டால் வளர்ச்சி குன்றும். அதனால் ஹெச்.எஸ்.எஃப்.1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் சாதாரண நேரத்தில் அடங்கியிருக்கிறது. சூட்டில் புரதங்கள் உருக்குலையத் தொடங்கியதும் விடுபட்டு, மும்மூன்றாகச் சேர்ந்து, ஹெச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் மரபணுக்களைக் கிளப்பிவிடுகிறது. இதெல்லாம் நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் முடிவது.

கிளம்பும் வெப்பநிலையும் நிலையானதில்லை. நீள்தாடைக் கோபி மீனில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்: சூடான நீரில் பழகியது, குளிர்ந்த நீரில் பழகியதைவிட அதிகச் சூட்டில்தான் எச்சரிக்கை மணியை அடிக்கிறது.

எதிர்முனையில் அண்டார்க்டிக்கின் டிரெமடோமஸ் பெர்னாக்கி. நீர் எப்போதும் பூஜ்யத்துக்கு 1.9 டிகிரி கீழே. அந்தக் குளிரில் புரதத்தைச் சரியாக மடிப்பதே பெரும்பாடு என்பதால் ஹெச்.எஸ்.பி.70-ஐ ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் சூடேற்றினால் அதற்குமேல் கூட்டத் தெரியவில்லை. இந்த மீனுக்கு 5, 6 டிகிரி நீரே உயிருக்கு ஆபத்து.

கேள்வி: இரண்டு இடத்து மீன்களிடையே வெளிப்பாட்டு வித்தியாசம் பரம்பரையானது என்று உண்மையிலேயே நிரூபித்த உதாரணம் உண்டா?

பதில்: உண்டு. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உப்பங்கழிகளில் வாழும் மம்மிசாக் என்ற கைவிரல் நீள மீன், ஃபண்டுலஸ் ஹெட்ரோகிளிட்டஸ். அந்தக் கரையில் ஓர் அட்சரேகை வடக்கே போனால் நீரின் சராசரி ஏறக்குறைய ஒரு டிகிரி குறைகிறது. இயற்கையே போட்டுவைத்த அளவுகோல்.

அங்கே லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்-பி என்ற நொதியின் மரபணுவுக்கு இரண்டு முக்கிய வடிவங்கள். வடக்கே மெயின் மாநிலத்தில் கிட்டத்தட்ட எல்லா மீனிலும் ஒன்று, தெற்கே ஜார்ஜியாவில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மற்றது, நடுவில் கலவை. வட வடிவம் குளிர்ந்த நீரில் கூடுதல் திறனோடு வேலை செய்கிறது. அது நொதியின் தரம். அளவிலும் வித்தியாசம் இருந்தது. இரு கூட்டத்தையும் ஒரே வெப்பநிலையில் பழக்கிய பிறகும் வட மீனின் ஈரலில் அந்த நொதி ஏறக்குறைய இரண்டு மடங்கு, தூது ஆர்.என்.ஏ.வும் அதே விகிதம். மரபணு படிக்கப்படும் வேகமும் அப்படியே. ஆக, காரணம் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்க வேண்டும். பிறகு தேடியபோது அந்தப் பகுதியின் எழுத்துகளிலும் வட, தென் வித்தியாசம் கிடைத்தது.

இந்த மீனே இன்னொரு பாடமும் தந்தது. 2002-இல் 907 மரபணுக்களை அளந்தபோது, ஒரே கூட்டத்தைச் சேர்ந்த மீன்களுக்கிடையிலேயே சுமார் 18 சதவீத மரபணுக்கள் வெவ்வேறு அளவில் இயங்கின. மூன்று மீன் வடக்கிலிருந்து, மூன்று மீன் தெற்கிலிருந்து எடுத்து ‘வித்தியாசம் கண்டோம்’ என்றால் எங்களுக்கு நம்பிக்கை வராதது இதனால்தான். வித்தியாசம் இருந்தாலும் அது வெப்பத்தால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. தூரத்தில் பிரிந்து வாழும் கூட்டங்கள் சும்மாவே விலகும். இப்படிச் சும்மா விலகிய அளவை (வம்ச தூரம்) கழித்துவிட்ட பிறகும் வெப்பநிலையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஒரு தொட்டி 12 டிகிரி, ஒரு தொட்டி 24 டிகிரி வைத்து, தொட்டிக்கு எட்டு மீன், நான்கு வாரம் பழக்கினேன். ஈரலில் கியூ.பி.சி.ஆர். (தூது ஆர்.என்.ஏ.வின் நகலைப் பெருக்கி அளக்கும் முறை) செய்து, மாறாது என்று நம்பிய பீட்டா-ஆக்டினை ஒப்பீட்டு மரபணுவாக வைத்தேன். குளிரில் நான் பார்த்த ஆறு மரபணுக்களும் இரண்டரை மூன்று மடங்கு ஏறியதாகக் காட்டுகிறது. எல்லாமா ஏறும்?

பதில்: ஆறும் ஒரே அளவுக்கு ஏறினால் முதலில் ஒப்பீட்டு மரபணுவைச் சந்தேகியுங்கள். எங்கள் கணிப்பு, குளிரில் ஆக்டின் இறங்கியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கியூ.பி.சி.ஆரில் ஒரு சுழற்சி என்றால் நகல்கள் இரு மடங்கு. குளிரில் ஆக்டின் 1.5 சுழற்சி தாமதமாக வந்தால் அது 2.8 மடங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். அதை ‘மாறாதது’ என்று வைத்து வகுத்தால், உண்மையில் மாறாத எந்த மரபணுவும் 2.8 மடங்கு ஏறியதாகவே தெரியும். உங்கள் எண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். கெண்டையில் பீட்டா-ஆக்டின் பருவத்தோடு மாறுவது தெரிந்த சங்கதி. வெப்ப ஆய்வுக்கு அது மோசமான தேர்வு.

சரிசெய்ய: உங்களிடம் மீதி இருக்கும் அதே சி.டி.என்.ஏ.வில் (ஆர்.என்.ஏ.விலிருந்து செய்த டி.என்.ஏ. நகல்) ஐந்தாறு ஒப்பீட்டு மரபணுக்களை ஓட்டிப் பாருங்கள். ஈ.எஃப்.1-ஆல்ஃபா, ரைபோசோம் புரத மரபணுக்கள் சில, யூபிக்விட்டின் என்று வெவ்வேறு வேலை செய்பவையாக இருக்கட்டும். 12 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் இடையில் நகராத மூன்றைத் தேர்ந்து, அவற்றின் பெருக்கற் சராசரியால் வகுங்கள். ஒவ்வொரு பிரைமருக்கும் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) மாதிரியைப் படிப்படியாக நீர்த்து வரிசை போட்டுச் சாய்வு பாருங்கள்: மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையில் இருந்தால் சரி, மைனஸ் 3.32 கச்சிதம். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத ஒப்பீட்டு மாதிரியிலும் வளைவு வந்தால் டி.என்.ஏ. கலந்திருக்கிறது, அதைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியைப் போட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பெரிய சிக்கல் வேறு. சொல்ல மனமில்லைதான், ஆனால் தேர்வாளர் கேட்கத்தான் போகிறார். வெப்பநிலைக்கு ஒரு தொட்டி என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை எட்டு இல்லை, ஒன்று. அந்தத் தொட்டியில் வடிகட்டி மந்தமாக ஓடியிருந்தாலும், ஒரு முரட்டு மீன் மற்றவற்றைத் துரத்திக்கொண்டிருந்தாலும், அதன் பலனும் ‘குளிரின் விளைவு’ கணக்கில் ஏறிவிடும். வெப்பநிலைக்குக் குறைந்தது மூன்று தொட்டி வைத்து, தொட்டியைத் தனிக் காரணியாகப் புள்ளியியலில் சேர்க்க வேண்டும். இரண்டு கூட்டங்களை ஒப்பிடுவதாக இருந்தால் 2 கூட்டம், 2 வெப்பநிலை, 3 தொட்டி, ஆக 12.

மாதிரி எடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை:

முந்தைய நாள் இரையை நிறுத்துங்கள். எல்லாத் தொட்டிகளிலும் ஒரே நேரத்தில் எடுங்கள். நாள்-கடிகார மரபணுக்கள் காலைக்கும் மாலைக்கும் தலைகீழாக மாறும். காலையில் குளிர்த் தொட்டி, மாலையில் சூட்டுத் தொட்டி என்று முடித்தால் அளந்தது கடிகாரத்தைத்தான். மயக்க மருந்தை அந்தந்தத் தொட்டி நீரிலேயே, அதே வெப்பநிலையில் கரையுங்கள். வழக்கமான மயக்க மருந்தான ட்ரைகெய்ன் அமிலத்தன்மை உடையது, சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். குளிர் நீரில் மயக்கம் ஏற நேரம் கூடுதலாகும், அதையும் குறித்துவையுங்கள். 12 டிகிரி மீனை அறை வெப்பத்தில் வைத்து நிதானமாக அறுத்தால் அந்தச் சில நிமிடங்களிலேயே அதிர்ச்சி மரபணுக்கள் கிளம்பிவிடும். தட்டைப் பனிக்கட்டி மேல் வையுங்கள்.

ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் பாதுகாப்புக் கரைசலில் போடும் திசுத் துண்டு ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கரைசல் திசுவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு. 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிறகு உறையவையுங்கள். முழு ஈரலையும் அப்படியே போட்டுவிட்டு ‘ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டது’ என்று எழுதுபவர்கள் அதிகம். கரைசல் நடுவரை போய்ச் சேரவில்லை, அதுதான் காரணம். இன்னொன்று, மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. அதிலிருந்தும் ஆர்.என்.ஏ. வரும். ரத்தம் வடியாத ஈரலில் ஹீமோகுளோபின் மரபணு எகிறி நிற்பதைக் கண்டு யாரும் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம்.

கேள்வி: தூது ஆர்.என்.ஏ. ஏறினால் புரதமும் ஏறியதாகத்தானே அர்த்தம்?

பதில்: இல்லை. குளிரில் மொழிபெயர்ப்பும் (தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்வது) மெதுவாகும், புரதம் சிதைவதும் மெதுவாகும். எது அதிகம் மந்தமாகிறதோ அதைப் பொறுத்தது. கையில் வசதி இருந்தால் நொதியின் செயல்பாட்டையும் அளங்கள், அதுவும் இரண்டு வெப்பநிலையிலும்.

கேள்வி: ஹீட்டர் பழுதாகி இரவில் தொட்டி 27-லிருந்து 19-க்கு இறங்கிவிட்டது. கடையிலிருந்து வாங்கிவந்த மீனைப் பாலித்தீன் பையோடு மிதக்கவிடுவது போல 20 நிமிடத்தில் பழக்கிவிடலாமா?

பதில்: பையை மிதக்கவிட்டால் தண்ணீர்கள் இரண்டும் சமமாகும், மீன் சமமாகாது. மேலே பார்த்த சவ்வு வேலைக்கே நாட்கள் வேண்டும். பொதுவாகச் சூட்டைத் தாங்கும் திறன் சில நாட்களில் கூடிவிடும். குளிரைத் தாங்கும் திறன் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஆகவே இறக்கும்போதுதான் அதிகப் பொறுமை வேண்டும்.

உங்கள் மீன் ஓர் இரவு மட்டும் குளிரில் இருந்தது. புதிதாகப் பழகி முடித்திருக்காது. மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றினால் போதும். பழையபடி நீந்தி இரை தேடும்வரை தீனி போடாதீர்கள். குளிரில் வடிகட்டிப் பாக்டீரியாவும் மந்தமாகியிருக்கும், அம்மோனியா சேர்ந்திருக்கலாம். நீர் சூடாக ஆக அதில் நச்சுள்ள பங்கும் ஏறும். ஏற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். காற்றுக் குழாயை ஓடவிடுங்கள்: நன்னீரில் கரையும் ஆக்சிஜன் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மி.கி., 20-இல் 9.1, 30-இல் 7.6 மட்டுமே.

கேள்வி: பெற்றோர் பட்ட வெப்பம் குஞ்சுகளுக்கு உதவுமா?

பதில்: சில இனங்களில் உதவுகிறது. கிரேட் பேரியர் ரீஃபில் வாழும் ஒரு டாம்செல் மீனை வழக்கத்தைவிட 1.5, 3 டிகிரி கூடுதலான நீரில் இரண்டு தலைமுறை வளர்த்தார்கள். பெற்றோரும் அந்தச் சூட்டிலேயே வளர்ந்திருந்தால், குஞ்சுகளின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் மீண்டது. முட்டைக்குள் படும் சூடும் சும்மா போவதில்லை. வரிக்குதிரை மீனின் முட்டைகளை 22, 27, 32 டிகிரிகளில் பொரிக்கவைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே வெப்பத்தில் வளர்த்தபோதும், பெரிய மீனான பின் அவை பழகும் திறனிலும் தசையின் மரபணு வெளிப்பாட்டிலும் வேறுபட்டன.

இதில் டி.என்.ஏ. மேல் ஒட்டும் மெத்தில் குறிகளுக்குப் பங்கு இருக்கிறது. ஐரோப்பியக் கடல் பாஸில் இது தெளிவு: குஞ்சுப் பருவத்தில் நீர் சூடாக இருந்தால் ஈஸ்ட்ரஜனைச் செய்யும் நொதியான அரோமடேஸின் மரபணுத் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறி கூடுகிறது, அந்த மரபணு அடங்குகிறது, ஈஸ்ட்ரஜன் குறைகிறது, ஆண் மீன்கள் பெருகுகின்றன. பண்ணைக்காரர்களுக்கு இது பணப் பிரச்சினையும்கூட, ஏனெனில் இந்த இனத்தில் பெண்தான் வேகமாக வளரும்.

கேள்வி: அப்படியானால் நீர் எவ்வளவு சூடானாலும் மீன்கள் காலப்போக்கில் சமாளித்துவிடுமா?

பதில்: குளிர்ப் பக்கம் நம்பிக்கைக்கு இடமுண்டு. கடல் ஸ்டிக்கிள்பேக் மீன்களை நன்னீர்க் குட்டைகளில் விட்டபோது, மூன்றே தலைமுறையில் அவற்றின் குளிர் தாங்கும் எல்லை 2.5 டிகிரி கீழே இறங்கியது. சூட்டுப் பக்கம் அப்படி இல்லை. வரிக்குதிரை மீன்களில் அதிகச் சூடு தாங்குபவற்றை மட்டும் பொறுக்கி ஆறு தலைமுறை இனப்பெருக்கம் செய்தார்கள். தலைமுறைக்குக் கிடைத்தது 0.04 டிகிரி. போதாததற்கு, அந்த வம்சத்தில் சூட்டுக்குப் பழகும் திறனும் சுருங்கியது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதை.

சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தின் சூடான நீர் பாயும் அடைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே 1980 முதல் நீர் சுற்றுக்கடலைவிட 5 முதல் 10 டிகிரி கூடுதல். அதிலுள்ள பெர்ச் மீன்களின் ஓய்வுநிலை ஆக்சிஜன் தேவையும் இதயத் துடிப்பும் நன்றாகவே கீழே சரிசெய்யப்பட்டிருந்தன. ஆனால் உச்சத் திறனும் தாங்கும் உச்ச வெப்பமும் அவ்வளவாக அசையவில்லை. தரை இறங்குகிறது, கூரை அப்படியே நிற்கிறது.

உச்ச வெப்பத்தை அளப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு: நீரை நிமிடத்துக்கு 0.3 டிகிரி ஏற்றி, மீன் நிலைகுலைந்து சாயும் வெப்பநிலையைக் குறிப்பார்கள். இதைவிட மெதுவாக ஏற்றினால் நடுவிலேயே மீன் பழகத் தொடங்கும். வேகமாக ஏற்றினால் உடலின் உட்புறம் நீரைவிடப் பின்தங்கும், எண் பொய்யாக உயரும். பெரிய மீனில் இது கூடுதல். காற்றூட்டலை நிறுத்தாதீர்கள், இல்லாவிட்டால் அளப்பது மூச்சுத்திணறலைத்தான். சாய்ந்த நொடியே பழைய வெப்பநிலை நீருக்கு மாற்றுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் செத்த மீனின் அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லையைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: காலையில் தொட்டியில் இறந்து கிடந்த மீனிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கலாமா?

பதில்: வெளிப்பாட்டு ஆய்வுக்கு வேண்டாம். 24 டிகிரி நீரில் சில மணி நேரம் கிடந்தாலே போதும், ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். சிதைவு மரபணுவுக்கு மரபணு வேறு வேகத்தில் நடக்கும், சூட்டுத் தொட்டியில் இன்னும் வேகமாக நடக்கும். அது வெப்பநிலையின் விளைவு போலவே வேஷம் போட்டு வரும். துடுப்பில் ஒரு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டுவையுங்கள். டி.என்.ஏ.வுக்கு அது போதும், எந்தக் கூட்டத்து மீன் என்றாவது தெரியும்.